டூர் கார்டு வாங்கியும் ரெண்டே சீசனில் காணாமல் போவது ஏன்?

பதினைந்து_சிவப்பு:
வணக்கம். அமெச்சூர் ஸ்னூக்கரில் செஞ்சுரியா (ஒரே வரிசையில் 100 புள்ளி) அடிச்சுத் தள்ளுறவங்க, டூர் கார்டு (தொழில்முறைப் போட்டிகளில் ஆடும் உரிமை) கிடைச்சு உள்ளே போனதும் ரெண்டே சீசனில் வெளியே வந்துடுறாங்க. பாட் பண்ணும் (பந்தைக் குழியில் போடும்) திறமை ஒரே ராத்திரியில் குறையாது. அப்போ இடிக்கிறது எங்கே? தரவரிசைக் கணக்கா, மேசையா, பயிற்சி முறையா? அந்த ரெண்டு வருஷக் கணக்கை முதலில் யாராவது விளக்கினால் நல்லது.

பாக்லைன்:
தரவரிசைக்கென்று தனிப் புள்ளி முறை இப்போது கிடையாது. 2014-15 சீசனிலிருந்து, தரவரிசைப் போட்டிகளில் வென்ற பரிசுத்தொகைதான் புள்ளி. ஒரு பவுண்டுக்கு ஒன்று. கடைசி இரண்டு ஆண்டுத் தொகையைக் கூட்டிப் பட்டியல் போடுவார்கள். இந்த ஆண்டு ஒரு போட்டி முடிந்ததும், இரண்டு ஆண்டுக்கு முன் அதே போட்டியில் எடுத்தது கழிந்துவிடும்.

கார்டும் இரண்டு சீசனுக்குத்தான். புதியவர் பூஜ்யத்தில் தொடங்குவார், எதிரே நிற்பவர் கையில் இரண்டு ஆண்டு இருப்பு இருக்கும். இரண்டாவது சீசனின் உலக சாம்பியன்ஷிப் முடியும்போது முதல் 64-க்குள் இருந்தால் கார்டு தங்கும். இல்லையென்றால் ஓராண்டுப் பட்டியலில் முன்னால் உள்ள சிலருக்கு மட்டும் மறுவாய்ப்பு. அதிலும் வராதவருக்கு பெரும்பாலும் க்யூ ஸ்கூல் என்ற தகுதிப் போட்டிதான் வழி. 'முதல் சீசன் பழகிக்கொள்வதற்கு' என்று விட்டுவைப்பவர் பாதி இருப்பைத் தொலைத்துவிட்டுத்தான் இரண்டாவதைத் தொடங்குகிறார்.

இந்த முறையில் பெரிய போட்டியின் எடை அதிகம். உலக சாம்பியனுக்கு 5,00,000 பவுண்டு. ஜாவ் ஷின்டாங் 2025-இல் அமெச்சூராகவே தகுதிச் சுற்றில் நுழைந்து பட்டத்தை வென்றார். அந்த ஒரே போட்டியின் தொகை அவரை முதல் 16-க்குள் கொண்டுபோய் வைத்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், அந்தத் தகுதிச் சுற்றில் இரண்டு ஆட்டம் ஜெயித்தாலே பட்டியலில் அசைவு தெரியும். அது 19 ஃப்ரேம் (தனித்தனிச் சுற்று) ஆட்டம், முதலில் 10 எடுக்க வேண்டும். மற்ற போட்டிகளின் தொடக்கச் சுற்றுகள் பெரும்பாலும் 7 ஃப்ரேம்தான். அங்கே ரெண்டு ஃப்ரேம் தூங்கினால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கருப்பு7:
கணக்கு சரி. ஆனா ஆள் தோற்கிறது மேசையில்தான்.

டூர் மேசையில் ஸ்லேட்டுக்கு அடியில் ஹீட்டர் இருக்கும். துணி மெல்லிசு, காய்ஞ்சு கிடக்கும். குஷன் (மேசை ஓரத்து ரப்பர்) துள்ளும். கிளப் மேசையில் மூணு குஷன் தொட்டு பாக் குஷனில் (ஆட்டம் தொடங்குற பக்கத்து ஓரத்தில்) ஒட்டி நிக்கிற வெள்ளை, இங்கே ஒட்டாம எகிறித் திரும்பிடும். விளைவு, எதிராளிக்குத் தூரத்திலிருந்து பந்தைப் போடுற வாய்ப்பு (லாங் பாட்). பந்து விழுற வாய் இறுக்கமா வெட்டியிருக்கிறதால குஷனை ஒட்டி வேகமா அடிக்கிற பந்து தாடையில் பட்டு ஆடிட்டு வெளியே நிக்கும். அதே பந்தை வேகம் குறைச்சு விட்டா விழும். ஆனா அப்போ வெள்ளையை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோக முடியாது. புது ஆளுங்க திணறுறது இந்த இடத்தில்தான்.

அடுத்தது 50-60 பிரேக் (ஒரே வரிசையில் எடுக்கிற புள்ளி). அமெச்சூரில் 55 எடுத்துட்டு நின்னா ஃப்ரேம் பாதி கையில். இங்கே எதிராளி எழுந்து வந்து கிளியர் பண்ணிட்டுப் போயிடுவார். சிவப்பு-கருப்பா (1+7) 9 ஜோடி எடுத்தா 72; மேசையில் இன்னும் 6 சிவப்பு, அதாவது 48, கூட ஆறு நிறப்பந்துக்கு 27, மொத்தம் 75. எதிராளி பூஜ்யத்தில் இருந்தாலும் உயிரோடதான் இருக்கார். பத்தாவது சிவப்பு விழுந்தா 73, மீதி 67. அதுக்கப்புறம்தான் அவருக்கு ஸ்னூக்கர் தேவை, அதாவது நம்மைத் தவறடிக்க வெச்சு அபராதப் புள்ளி வாங்கணும். அந்தப் பத்தாவது சிவப்பு பெரும்பாலும் பேக்குக்குள்ளே (நெருக்கமா நிக்கிற சிவப்புக் கூட்டத்துக்குள்ளே) ஒட்டிக்கிட்டு இருக்கும். பேக்கை 30-லயே, பக்கத்தில் இன்னொரு சுலபமான சிவப்பு காப்பீடா நிக்கும்போதே பிரிக்கணும். கடைசி வெளிச் சிவப்பையும் எடுத்துட்டுப் பிரிக்கப் போறவர் அதிர்ஷ்டத்தை நம்பி அடிக்கிறார்.

மிஸ் விதியையும் மறக்காதீங்க. நேர்கோட்டில் ஒரு பந்தை முழுசா அடிக்க வழி இருக்கும்போது மெல்லிசா உரசப் போய் தொடர்ந்து மூணு தடவை தவறினா ஃப்ரேமே போச்சு. ரெண்டாவது மிஸ்ஸுக்குப் பிறகு ரெஃபரி எச்சரிப்பார். மூணாவதில் பயந்து தடிமனா அடிச்சு சிவப்பைத் திறந்து விட்டுடுவாங்க. அது கிட்டத்தட்ட ஃப்ரேமைக் கொடுத்த மாதிரிதான்.

பதினைந்து_சிவப்பு:
ரொம்ப நன்றி. அப்போ பயிற்சியில் என்ன மாத்தணும்? எல்லாரும் லைன்-அப் அடிக்கச் சொல்றாங்களே, அது போதாதா?

கருப்பு7:
லைன்-அப் தாளத்துக்கு நல்லது, அவ்வளவுதான். நடுக்கோட்டில் 15 சிவப்பும் தனித்தனியா நிக்குது. பிரிக்கப் பேக் இல்லை, குஷனில் ஒட்டின பந்து இல்லை. அதையே மாத்தி அடிங்க: 3 சிவப்பைப் பக்கக் குஷன்களில் ஒட்டி வையுங்க, 6-ஐ பிங்க்குக்குக் கீழே நெருக்கி வையுங்க, மீதி 6-ஐச் சிதற விடுங்க. 73-க்கு முன்னால் நின்ன எல்லா பிரேக்கும் தோல்வின்னு எழுதி வையுங்க.

பாக்லைன்:
லைன்-அப்பை அவ்வளவு மட்டமாகச் சொல்ல வேண்டாம். தொடக்கத்தில் கை சூடேற அதைவிட நல்லது இல்லை. ஆனால் பயிற்சி நேரத்தில் மூன்றில் ஒரு பங்காவது சேஃப்டிக்கு (எதிராளிக்கு வாய்ப்பில்லாமல் வெள்ளையை நிறுத்தும் அடிக்கு) போக வேண்டும் என்பது என் கருத்து. வெள்ளையைக் கருப்புப் புள்ளியின் பக்கத்தில் வைத்து, ஒரு சிவப்பை மெல்லிதாகத் தொட்டு, பாக் குஷனிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் நிறுத்துங்கள். இருபது முறை அடித்து எத்தனை நின்றது என்று எண்ணுங்கள். அடுத்த இருபதுக்குச் சிவப்பின் இடத்தை மாற்றுங்கள்.

நேராக அடிக்கிறோமா என்று பார்க்க நீலப்பந்து போதும். நீலப் புள்ளி மேசையின் நட்டநடு. பாக் பக்கத்து மூலை வாயிலிருந்து எதிர் மூலை வாய்க்குக் கோடு போட்டால் அதன் மேல்தான் நீலம் இருக்கும். அந்தக் கோட்டில் வெள்ளையை வைத்து நீலத்தை மூலையில் போட்டு வெள்ளையை அதே இடத்தில் நிறுத்துங்கள். நின்ற வெள்ளை பம்பரமாகச் சுழன்றால், தெரியாமல் சைடு (பக்கச் சுழற்சி) விழுகிறது என்று அர்த்தம். பாட் விழுந்ததே என்று திருப்திப்பட்டுவிட வேண்டாம்.

நிலைக்க எத்தனை வருடம் ஆகும் என்பதற்கும் ஒரு அளவு சொல்லலாம். ஸ்டூவர்ட் பிங்கம் 1995-இல் தொழில்முறைக்கு வந்தார், முதல் தரவரிசைப் பட்டம் 2011-இல், உலகப் பட்டம் 2015-இல். ஸ்டீபன் ஹென்ட்ரி மாதிரி 21 வயதில் உலக சாம்பியன் ஆவது விதிவிலக்கு.

மரத்தூள்:
யாரும் க்யூவைத் (அடிக்கும் கோலைத்) தொடவில்லையே. போட்டிக்கு முதல் நாள் டிப் (க்யூ முனையின் தோல்) மாற்றித் தோற்றவர்கள் நிறைய. புது டிப் அமுங்கி நிலைக்கப் பல மணி நேர ஆட்டம் தேவை, அதுவரை வெள்ளையின் வேகம் தினம் ஒரு மாதிரி இருக்கும். ஆகவே போட்டிக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே மாற்றிவிட வேண்டும்.

பழைய டிப்பைப் பிளேடால் சீவி எடுங்கள். ஃபெரூலின் (டிப்புக்கு அடியில் உள்ள உலோக வளையத்தின்) முகத்தில் பழைய பசை ஒரு துளியும் இல்லாமல் சமமாகத் தேயுங்கள். மேடு பள்ளம் இருந்தால் ஆட்டத்தின் நடுவில் டிப் கழன்று போகும். டிப்பின் அடிப்பக்கத்தையும் உப்புத்தாளில் லேசாகச் சொரசொரப்பாக்கி, ஜெல் வகை சூப்பர் க்ளூ மெல்லிதாகப் பூசி, நடுவில் வைத்து ஒரு நிமிடம் அழுத்துங்கள். தண்ணீர் மாதிரி ஓடும் பசை தோலுக்குள் ஊறி டிப்பைக் கல்லாக்கிவிடும். காய்ந்த பிறகு க்யூவைத் தலைகீழாகப் பலகையில் ஊன்றி, பக்கத்தில் துருத்தும் தோலை ஃபெரூலோடு சமமாகச் சீவி, மேலே குவிந்த வடிவம் கொடுங்கள். ஒன்றிரண்டு நாள் ஆட்டத்தில் காளான் மாதிரி விரியும். அப்போது மறுபடி ஓரம் சீவ வேண்டும், இல்லையென்றால் சைடு போடும்போது வழுக்கும்.

பயணத்துக்கு அலுமினியக் குழாய்ப் பெட்டி வாங்குங்கள், உள்ளே க்யூ ஆடாமல் துணி சுற்றுங்கள். ஹென்ட்ரி 7 உலகப் பட்டம் வென்ற க்யூ 2003-இல் விமானப் பயணத்தில்தான் உடைந்தது.