அப்பாவின் காலுக்கு ஸ்டெம் செல் ஊசி: 42,000 வெள்ளி கட்டலாமா?

சிப்புட் மகள்:
வணக்கம். மலேசியா, சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 67 வயது. பால்மரம் வெட்டியவர், பிறகு செம்பனையில் குலை அறுத்தவர். 19 வருஷமாக இனிப்பு நீர் (சர்க்கரை நோய்). தீபாவளிக்கு முன் இடது பெருவிரலில் சின்னப் புண் வந்தது. இப்போது நுனி கறுத்துவிட்டது. ராத்திரியில் கட்டிலில் படுக்க முடிவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டபடிதான் கண்ணயர்கிறார்.

ஒரு தனியார் கிளினிக்கில், இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்து செல் எடுத்துக் கெண்டைக்காலில் ஊசி போட்டால் புது ரத்தக்குழாய் முளைக்கும், விரலை வெட்ட வேண்டாம் என்கிறார்கள். 42,000 வெள்ளி (ரிங்கிட்). அண்ணன் இபிஎஃப் பணத்தை எடுக்கப் பாரம் வாங்கிவிட்டார். அப்பாவோ, "என் காலுக்கு இவ்வளவு காசா? வெட்டிட்டுப் போகட்டும்" என்கிறார். இரண்டு பேச்சையும் என்னால் கேட்க முடியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பீடோர் அக்கா:
தங்கச்சி, என் மாமியாருக்கும் இதே மாதிரிதான் விரல் கறுத்தது. கோலாலம்பூரில் தொடை வழியாகக் கம்பி விட்டு, பலூனால் அடைப்பைத் திறந்தார்கள். ஒரு விரல் போனது, பாதம் தப்பியது. ரத்தக்குழாய் சர்ஜனைப் பார்த்தாச்சா?

பழைய டிரெஸர்:
தோட்டத்து ஆஸ்பத்திரியில் 31 வருஷம் புண்ணுக்கு மருந்து கட்டும் டிரெஸராக இருந்தவன் நான். அம்மா, காலைத் தொங்கப்போட்டால்தான் கண்ணயர்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பயம். ரத்தம் தானாகப் பாதத்துக்கு இறங்க முடியாமல், தொங்கப்போட்டால் மட்டும் கொஞ்சம் போய்ச் சேருகிறது என்று அர்த்தம். புண்ணில் நாற்றமோ, காய்ச்சலோ, மேலே ஏறும் சிவப்போ இருந்தால் நாளை வரை பொறுக்காதீர்கள், இன்றே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

இல்லையென்றாலும் இந்த வாரமே ரத்த ஓட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். கையிலும் கணுக்காலிலும் பிரஷர் பார்த்து, கணுக்கால் கணக்கைக் கைக் கணக்கால் வகுப்பார்கள், 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு. ஆனால் இனிப்பு நீர்க்காரர்களுக்குக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்துப் போவதால், இந்தக் கணக்கு நல்லதுபோலக் காட்டி ஏமாற்றும். அதனால் கால்விரல் பிரஷரையும் கேளுங்கள். ஸ்கேன் எடுத்தால்தான் பலூனா, பைபாஸா என்று சர்ஜன் சொல்ல முடியும்.

செல் ஊசி வெறும் கட்டுக்கதை இல்லை. 2002-இல் ஜப்பானியர்கள் மஜ்ஜை செல்களைக் கெண்டைக்காலில் போட்டுப் பார்த்தபோது பலன் தெரிந்தது. அந்தச் செல்களே குழாயாக மாறுவதைவிட, அவை சுரக்கும் பொருள்கள் ரத்தக்குழாயின் பக்கக் கிளைகள் வளரத் தூண்டுவதுதான் முக்கியம் என்கிறார்கள். பிறகு நெதர்லாந்தில் 160 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மஜ்ஜை செல்லும் மற்றதற்கு, ஒப்பிட்டுப் பார்க்க, பலனில்லாத போலி மருந்தும் தொடைத் தமனி வழியே கொடுத்தார்கள். 2015-இல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் கால் இழந்தவர்கள் செல் பிரிவில் குறையவில்லை. வலி இரண்டு பிரிவிலுமே குறைந்தது. கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கும் "வலி போச்சு" கதைகளைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

மருந்துகளைப் பதிவு செய்யும் அரசாங்க அமைப்பான என்பிஆர்ஏ-வின் பதிவு உண்டா என்று கிளினிக்கில் கேளுங்கள். ஆராய்ச்சி என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் கேளுங்கள். முறையான ஆராய்ச்சியில் பொதுவாக மருந்துக்குக் காசு வாங்க மாட்டார்கள்.

1988-இல் ஒரு பால்வெட்டுக்காரருக்கு மூன்று வாரம் மஞ்சள் மருந்து வைத்துக் கட்டிக்கொண்டே இருந்தேன். பாதத்தில் விரல் வைத்து ஒரு தடவைகூட நாடி பார்க்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கடைசி வரை என்னைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவார். அது இன்னும் என்னைச் சுடுகிறது. நீங்கள் நாள் கடத்தாதீர்கள்.

ரவாங் பையன்:
ஐயா, இந்தியாவில் இதற்கு அனுமதி கொடுத்துவிட்டார்களே?

பழைய டிரெஸர்:
ஆமாம் தம்பி, பெங்களூர் ஸ்டெம்பியூட்டிக்ஸ் கம்பெனியின் மருந்துக்கு. முதலில் பர்ஜர் நோய்க்கு, அது புகைபிடிப்பவர்களுக்கு வரும் ரத்தக்குழாய் நோய். 2020-இல் கொழுப்படைப்புக்கும் சேர்த்தார்கள். ஆனால் அது கொடையாளிகளின் செல், தொழிற்சாலையில் வளர்த்தது. இந்தக் கிளினிக் சொல்வது அப்பாவின் சொந்த மஜ்ஜை. அந்த அனுமதி இதற்குச் செல்லாது. அதோடு, பல வருஷம் இனிப்பு நீர் இருந்தால் சொந்த மஜ்ஜை செல்லின் வீரியமும் குறையும்.

சிப்புட் மகள்:
ஐயா, நேற்று அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் பாதத்தில் நாடி தேடினார், கிடைக்கவில்லை. உடனே அட்மிட் செய்து, சர்ஜனுக்குக் கடிதம் அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஸ்கேன். அண்ணன் பாரத்தை மடித்து அலமாரியில் வைத்திருக்கிறார். அப்பா காலைத் தொங்கப்போட வார்டு நர்ஸே ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.