சூடானதும் நின்னுடுது, ஆறினா ஓடுது – பழைய கார்டன் டிராக்டர், அவசரம்

மணி_மிச்சிகன்:
வணக்கம். கார்டன் டிராக்டர் இருபது நிமிஷம் போல நல்லா ஓடுது, அப்புறம் திக்கித் திக்கி நின்னுடுது. அரை மணி நேரம் ஆற விட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது, மறுபடி அதே கதை. கார்பரேட்டர் கழட்டிக் கழுவியாச்சு. பிளக் புதுசு. பெட்ரோலும் புதுசு. புல்லு முழங்காலுக்கு வந்துடுச்சு, ஞாயித்துக்கிழமை மழைன்னு வேற சொல்றான். சட்டுனு யாராவது சொல்லுங்க.

ஒஹாயோக்காரன்:
என்ன டிராக்டர்? என்ன எஞ்சின்? எந்த வருஷம்?

கொங்கு_பம்ப்செட்:
தம்பி, பிளக்குல கரண்ட், அதான் தீப்பொறி, வருதா? நிக்கும்போது பாத்தீங்களா, ஆறின பிறகு பாத்தீங்களா? அதச் சொல்லாம இங்க யாரு என்ன சொல்ல முடியும்?

பழைய_இரும்பு:
மாடல் இல்ல, எஞ்சின் நம்பர் இல்ல, போட்டோ இல்ல. "டாக்டர், எனக்கு வலிக்குது"ன்னு போன்ல சொல்லி மருந்து கேக்குற மாதிரி இருக்கு. இதே கேள்வி இங்க வருஷா வருஷம் புல்லு வளர ஆரம்பிச்சதும் வரும். தேடிப் பாத்துட்டுக் கேட்டா எல்லாருக்கும் நேரம் மிச்சம்.

மணி_மிச்சிகன்:
மன்னிக்கணும். கப் கேடட் 124, மஞ்சளும் வெள்ளையும். வீடு வாங்கினப்ப ஷெட்டோட சேர்ந்து வந்தது. எஞ்சின் மேல கோலர் கே301ன்னு தகடு இருக்கு. பிளக் கரண்ட் ஆறின பிறகுதான் பாத்தேன், நல்லா வருது.

ஒஹாயோக்காரன்:
அட, 124ஆ! 60கள் கடைசில இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் செஞ்ச வண்டி. 12 ஹெச்பி, காஸ்ட் அயர்ன் பிளாக், சைடு வால்வு. வீல் ஓட்டத்துக்கு பெல்ட்டே கிடையாது, ஷாஃப்ட் நேரா கியர்பாக்ஸுக்குப் போகும். வித்துடாதீங்க.

சரி, என் கணிப்பு: பெட்ரோல் டேங்க் மூடி. மூடியில காத்து போக ஒரு பொடி ஓட்டை இருக்கும். அது அடைச்சா டேங்க்குக்குள்ள வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காது. இது பம்ப் இல்லாத வண்டி, பெட்ரோல் தானா இறங்கி வரணும். அடுத்த தடவை நின்னதும் மூடியைத் திருகி விடுங்க. உஸ்ஸுன்னு சத்தம் வந்தா கேஸ் முடிஞ்சது. டேங்க்குக்கு அடியில கண்ணாடிக் கிண்ணம் இருக்கும், அதுக்குள்ள இருக்குற சல்லடையையும் பாத்துடுங்க.

டெக்சாஸ்_தமிழன்:
மூடியெல்லாம் இல்ல ப்ரோ. ஆறினா ஓடுது, சூடானா சாகுதுன்னா நூத்துக்குத் தொண்ணூறு கண்டென்சர், பிளக் கரண்டுக்கு உதவுற அந்தச் சின்ன டப்பாதான். பத்து டாலர்கூட ஆகாது, மாத்திட்டுப் பேசுங்க.

கொங்கு_பம்ப்செட்:
கண்டென்சரும் இருக்கலாம். ஆனா மொதல்ல பாயிண்டை, அதான் கரண்டை விட்டு விட்டு வெட்டுற அந்தச் சின்ன ஸ்விட்ச்சை, கழட்டிப் பாருங்க. எங்க அப்பா காலத்து மண்ணெண்ணெய் வில்லியர்ஸ் பம்ப்செட்டுல தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சினவன் நான். பாயிண்ட் கருகிப் போச்சுன்னா எஞ்சின் இப்படித்தான் வம்பு பண்ணும். உப்புத்தாளை மடிச்சு நடுவுல விட்டு ரெண்டு இழு இழுத்தா போதும்.

பழைய_இரும்பு:
பாயிண்டுல உப்புத்தாள் போடாதீங்க. மணல் துகள் ஒட்டிக்கிட்டு இன்னும் சீக்கிரம் கருகும். பாயிண்டுக்குன்னே மெல்லிசு அரம் இருக்கு. இல்லைனா புதுசு வாங்கிப் போடுங்க. வில்லியர்ஸ்ல ஃப்ளைவீலுக்கு உள்ள மேக்னட்டோ, பேட்டரி இல்லாம காந்தத்தாலயே கரண்ட் உண்டாக்கும். இந்த 124ல பேட்டரி இக்னிஷன், பேட்டரி வோல்ட்டைப் பிளக்குக்காக ஏத்திக் குடுக்குற காயில் வெளிய தனியா நிக்கும். பாயிண்ட் பிளாக்கோட பக்கத்துல சின்ன மூடிக்குள்ள, கேம்ஷாஃப்ட் ஒரு சின்ன ராடைத் தள்ளித் திறக்கும். ரெண்டும் வேற வேற சாதி.

மணி, ஒரு வேலை மட்டும் செய்யுங்க. நின்ன உடனே, ஆற விடாம, அந்த ரெண்டு நிமிஷத்துக்குள்ள கரண்டைப் பாருங்க. ஆறின பிறகு பாத்தா அது நல்ல எஞ்சின், அதுல எதைத் தேடுவீங்க? இன்னொரு பிளக்கைக் கையிலயே வெச்சுக்கிட்டு ஓட்டுங்க.

வசந்தி_டேட்டன்:
ஒரு சின்ன எச்சரிக்கை. வண்டில இருக்குற பிளக்கைக் கழட்டிட்டு அந்த ஓட்டைக்குப் பக்கத்துலயே ஸ்பார்க் விட்டுப் பாக்காதீங்க, உள்ள இருந்து பெட்ரோல் ஆவி வெளிய வரும். அந்தப் பிளக் கழட்டாம அதே இடத்துல இருக்கட்டும், ஒயரை மட்டும் உருவி இன்னொரு பிளக்குல மாட்டி, அதோட உடம்பைத் தள்ளி எங்கயாவது இரும்புல வெச்சுப் பாருங்க.

அப்புறம், ஃப்ளைவீலுக்கு மேல இருக்குற தகர மூடியை எப்பவாவது கழட்டினீங்களா? ஷெட்டுல கிடந்த வண்டின்னா எலி குடித்தனம் பண்ணியிருக்கும். காத்து போகலைன்னா இந்த எஞ்சின் சுட்டுப் போயிடும்.

மணி_மிச்சிகன்:
அக்கா, கழட்டினேன். ஒரு பக்கெட் அளவுக்குக் காஞ்ச புல்லு, ஓக் கொட்டை ஓடு, யாரோட கையுறையோ ஒண்ணு, விரல் பக்கம் கடிச்சு வெச்சிருக்கு. சிலிண்டர் துடுப்புக்கு நடுவுல கரியா அப்பிக் கிடந்ததை ஸ்க்ரூடிரைவரால நோண்டி எடுத்தேன். இப்போ அந்தப் பக்கம் கை வைக்க முடியுது. ஆனா நிக்குறது நிக்குது.

டேங்க் மூடி திறந்தேன், சத்தம் ஒண்ணும் வரல. கிண்ணத்துல பெட்ரோல் இருக்கு.

நின்னதும் கரண்ட் பாத்தேன், வெயில்ல ஒண்ணும் தெரியல.

பழைய_இரும்பு:
தொப்பியைக் கழட்டி மறைச்சுக்கிட்டுப் பாருங்க. அதையும் சொல்லித் தரணுமா?

ஒஹாயோக்காரன்:
பெரியவரே, கொஞ்சம் மெதுவா. புதுசா வந்த பையன்.

வசந்தி_டேட்டன்:
மணி, இது போன வருஷம் நல்லா ஓடுச்சா? எப்போ இருந்து இப்படி? நடுவுல எதையாவது மாத்தினீங்களா?

மணி_மிச்சிகன்:
தொப்பி வெச்சுப் பாத்தாச்சு. நின்ன உடனே ஒல்லியா மஞ்சளா ஒரு கரண்ட், அதுவும் விட்டு விட்டு. ஆறினதும் நீலமா 'டிக் டிக்'னு வருது.

போன வருஷம் நல்லாதான் ஓடுச்சு அக்கா. இந்த வருஷம் வசந்த காலத்துல ஸ்டார்ட்டே ஆகல, அதனால காயில் மாத்தினேன். கார் பாகம் விக்கிற கடைல "12 வோல்ட் காயில்"னு கேட்டு வாங்கினது. அது புதுசுங்கிறதால சொல்லல.

பழைய_இரும்பு:
அதைத்தான் மொதல் வரியிலயே எழுதியிருக்கணும்.

வசந்தி_டேட்டன்:
அந்தக் காயில் மேல "வெளியே ரெசிஸ்டர் சேர்த்து உபயோகிக்கவும்"ங்கிற மாதிரி ஏதாவது அச்சடிச்சிருக்கா பாருங்க. பழைய கார்கள்ல காயிலுக்கு முன்னாடி ஒரு ரெசிஸ்டர் இருக்கும். ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும்தான் முழு 12 வோல்ட் கிடைக்கும், ஓடும்போது குறைச்சுத்தான் போகும். உங்க டிராக்டர்ல அந்த ரெசிஸ்டர் கிடையாது.

மீட்டர் இருந்தா காயில்ல இருக்குற ரெண்டு சின்ன ஒயரையும் கழட்டிட்டு பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவுல ஓம் பாருங்க. ஒண்ணரை ஓம் பக்கம் காட்டினா அது ரெசிஸ்டரோட ஓட வேண்டிய காயில். பாயிண்ட் மூடியிருக்கும்போது 12 வோல்ட்டுல எட்டு ஆம்பியர் போகும். நாலு ஓம் பக்கம் இருந்தா மூணு ஆம்பியர்தான். எட்டு ஆம்பியர்ல காயிலும் கொதிக்கும், பாயிண்டும் கருகும்.

டெக்சாஸ்_தமிழன்:
காயில் சூடாகும்தான், ஆனா கண்டென்சர் வீணாயிருந்தாலும் இதே மஞ்சள் கரண்ட் வரும். பாயிண்டைத் திறந்து பாருங்க ப்ரோ. ஒரு பக்கம் குழி, எதிர்ப் பக்கம் மேடுன்னு இருந்தா கண்டென்சர்தான், எழுதியே தர்றேன்.

கொங்கு_பம்ப்செட்:
எனக்கென்னமோ பெட்ரோல் மேல சந்தேகம். இங்க பங்க்குல இருபது சதவீதம் எத்தனால் கலந்துதான் தர்றான். என் பழைய ஸ்ப்ரேயரோட ரப்பர் டியூப் மிட்டாய் மாதிரி இளகிப் போச்சு. அங்கயும் கலக்குறாங்கல்ல?

ஒஹாயோக்காரன்:
இங்க பெரும்பாலும் பத்து சதவீதம். எத்தனால் இல்லாததும் சில பங்க்குல கிடைக்கும், விலை கூட. குளிர்காலத்துல வண்டியை நிறுத்தும்போது நான் அதைத்தான் ஊத்துவேன்.

டெக்சாஸ்_தமிழன்:
எத்தனால் எத்தனால்னு எல்லாத்துக்கும் அது மேல பழி போடுறது ஒரு ஃபேஷன் ஆயிடுச்சு. நான் பத்து சதவீதம்தான் ஊத்துறேன், ஹோஸ் மட்டும் புது ரகம் போட்டேன், ஒரு தொந்தரவும் இல்ல. கரும்பு விவசாயிக்கு நாலு காசு வந்தா உங்களுக்கு என்ன?

கொங்கு_பம்ப்செட்:
கரும்பு போட்ட குடும்பம்தான் நாங்களும். ஆலைக்காரன் பாக்கி வெச்ச கதையை எழுத ஆரம்பிச்சா இந்த இழை பத்தாது. பழைய கார்பரேட்டருக்கு எத்தனால் ஆகாதுன்னுதான் சொன்னேன். தண்ணியை இழுக்கும், கிண்ணத்துக்கு அடியில தனியாப் பிரிஞ்சு நிக்கும். கண்ணால பாத்தது.

சிகாகோ_சிவா:
எதுக்கு இவ்வளவு கஷ்டம்? அந்த எஞ்சினைத் தூக்கிப் போட்டுட்டு ஹோண்டா டிசைன்ல வர்ற சீன எஞ்சின் ஒண்ணு மாட்டுங்க. பாயிண்டும் கிடையாது கண்டென்சரும் கிடையாது.

ஒஹாயோக்காரன்:
மாட்டலாம். ஆனா இதுல ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒரே மிஷின், பெல்ட்டுல ஓடும். முன்னாடி புல் வெட்டுற பிளேடை ஓட்டுற பி.டி.ஓ. கிளட்ச், பின்னாடி டிரைவ் ஷாஃப்ட் ரெண்டும் கிராங்க்கோட ரெண்டு முனையிலயும் மாட்டியிருக்கு. அதுக்கெல்லாம் கடைசல் வேலை பண்ணி முடிக்குற செலவுல ரெண்டு கே301 வாங்கலாம்.

பழைய_இரும்பு:
காஸ்ட் அயர்ன் பிளாக்கைத் தூக்கிப் போடச் சொல்றவங்களுக்கு நான் பதில் எழுதுறது இல்ல.

சிகாகோ_சிவா:
எழுதிட்டீங்களே சார்.

மணி_மிச்சிகன்:
1.6 ஓம். காயில் அடியில பொடி எழுத்துல ரெசிஸ்டர்னு போட்டிருக்கு. பாயிண்ட் திறந்தேன், நீலமாக் கருகியிருக்கு, கொஞ்சம் குழியும் இருக்கு. போட்டோ ஏத்த முடியல.

வசந்தி_டேட்டன்:
அப்போ அதுதான். கே301க்கு ஏத்த, வெளி ரெசிஸ்டர் வேண்டாத 12 வோல்ட் காயில்னு சொல்லி வாங்குங்க. பாயிண்டையும் கண்டென்சரையும் கையோட மாத்திடுங்க. பாயிண்ட் நல்லாத் திறந்திருக்கும்போது இடைவெளி 20 தௌ, அதாவது 0.020 அங்குலம். முடிஞ்சா ஃப்ளைவீல் குறியைப் பாத்து டைமிங்கும் வெச்சுடுங்க. பக்கத்துல சின்ன ஓட்டை ஒண்ணு இருக்கும், அது வழியா 'எஸ்' குறி நடுவுல வரும்போது பாயிண்ட் திறக்க ஆரம்பிக்கணும்.

சாவியை ஆன்ல விட்டுட்டு எஞ்சின் ஓடாம நிக்க விடாதீங்க. பாயிண்ட் மூடின நிலையில நின்னா நல்ல காயிலும் வெந்துடும்.

பழைய_இரும்பு:
வசந்தி சொன்னது சரி. கூட ஒண்ணு: வால்வு கேப்பையும், அதான் வால்வு இடைவெளியையும், ஒரு நாள் பாருங்க. இந்த எஞ்சின்ல எக்ஸாஸ்ட் பக்கம் கேப் குறைஞ்சா சூட்டுல வால்வு முழுசா உக்காராது, கம்ப்ரஷன், அதான் சிலிண்டருக்குள்ள இருக்குற அழுத்தம், போயிடும். குளிர்ந்த எஞ்சின்ல இன்டேக் 8லிருந்து 10 தௌ, எக்ஸாஸ்ட் 17லிருந்து 19 தௌ. கேப் அதிகமாயிட்டா ஸ்டார்ட்டிங்குக்குக் கம்ப்ரஷனை இறக்கிவிடுற ஏற்பாடு வேலை செய்யாது. அப்புறம் ஸ்டார்ட்டர் இழுக்க மாட்டேங்குதுன்னு பேட்டரியைக் குத்தம் சொல்லிக்கிட்டு இங்க வருவீங்க.

டெக்சாஸ்_தமிழன்:
குழி இருக்குன்னு அவரே சொல்லிட்டார். கண்டென்சர்.

மணி_மிச்சிகன்:
காயில், பாயிண்ட், கண்டென்சர் மூணும் மாத்தியாச்சு. இருக்கட்டும்னு பெட்ரோல் ஹோஸும் மாத்திட்டேன். தோட்டம் முழுக்க ஒரே மூச்சுல வெட்டியாச்சு, நிக்கல. எல்லாருக்கும் நன்றி.

வசந்தி_டேட்டன்:
மகிழ்ச்சி. அந்தப் பழைய காயிலை ஷெட்டுல வைக்காதீங்க, அடுத்து வாங்குறவர் எடுத்து மாட்டிடுவார்.

டெக்சாஸ்_தமிழன்:
சொன்னேன்ல, கண்டென்சர்.

கொங்கு_பம்ப்செட்:
ஹோஸும்தான் மாத்தியிருக்கார். பழைய ஹோஸை உள்ள அறுத்துப் பாருங்க தம்பி, இளகியிருக்கும்.

பழைய_இரும்பு:
நாலையும் ஒண்ணா மாத்தினா எது குத்தவாளின்னு எப்படித் தெரியும்? ஒவ்வொண்ணா மாத்தி ஓட்டிப் பாக்கணும்.

ஒஹாயோக்காரன்:
ஞாயித்துக்கிழமை மழைய்யா. விடுங்க.

புதுவரவு_72:
எனக்கும் இதே பிரச்சினை, கே241. மணி, எந்தக் காயில் வாங்கினீங்க? பார்ட் நம்பர் சொல்ல முடியுமா?

புதுவரவு_72:
யாராவது?

பழைய_இரும்பு:
என்ன டிராக்டர், என்ன காயில் இப்போ இருக்கு, எத்தனை ஓம், நின்னதும் கரண்ட் என்ன நிறம்? புது இழை தொடங்கி எழுதுங்க.