என்.டி.ஏ.வுல ஹெட்மாஸ்டர் யாரு? அக்கா கேக்கா, எனக்கு பதில் தெரியல

வீரவநல்லூர்_மாமன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க அக்கா மவன் பாளையங்கோட்டைல ப்ளஸ் டூ முடிச்சான், யு.பி.எஸ்.சி. எழுதி எஸ்.எஸ்.பி. இன்டர்வியூ போய் மெடிக்கலும் முடிஞ்சி இப்ப என்.டி.ஏ. மெரிட் லிஸ்ட்ல பேரு வந்திருச்சு, அதான் மூணு படைக்கும் ஆபீசராக பயிற்சி குடுக்க தேசிய பாதுகாப்பு அகாடமி. தெருவே கொண்டாடுது. அக்காவுக்கு மட்டும் ஒரே வெசனம். அவ கேக்க ஒரே கேள்வி, "அங்க ஹெட்மாஸ்டர் யாரு? பிள்ளைக்கு மேலுக்கு முடியலன்னா யாருகிட்ட கேக்கணும்?" இவ்வளவுதான். பையன்கிட்ட கேட்டா கமாண்டன்ட்டுங்கான், டெபுடி கமாண்டன்ட்டுங்கான், பிரின்சிபால்னு ஒருத்தராம், அட்ஜுடன்ட்னு ஒருத்தராம், ஸ்குவாட்ரன் கமாண்டராம், போதாக்கொறைக்கு கேடட் கேப்டன்னு பசங்களுக்குள்ளயே ஒருத்தனாம். இதுல யாரு பெரியவரு யாரு சின்னவரு, யாருக்கு யாரு பதில் சொல்லணும்னு அவனுக்கே சரியா சொல்லத் தெரியல. அத்தான் ஒரு வார்த்தை பேச மாட்டாரு, ஆனா ராத்திரி தூங்கல அவரும். அங்க இருந்தவங்க, பிள்ளைய அனுப்புனவங்க யாராச்சும் இருந்தா நம்ம பாஷைல சொல்லுங்க அண்ணாச்சி.

மேலப்பாளையம்_மச்சான்:
மீசை யாருக்கு பெருசா இருக்கோ அவருதான் ஹெட்மாஸ்டர் 😄 வாழ்த்துக்கள் வே, மருமவனுக்கு சொல்லிருங்க.

சுபேதார்_அம்பை:
வாழ்த்துக்கள் தம்பி. நான் மெட்ராஸ் ரெஜிமென்ட், சுபேதாரா ரிட்டயர்டு ஆகி இப்ப அம்பாசமுத்திரத்துல வயக்காடு பாக்கேன். புனே கிட்ட கடக்வாஸ்லால, அந்த அகாடமிலயே, மூணு வருசம் ட்ரில் ஸ்டாஃபா இருந்தேன், அதனால அக்காகிட்ட நான் சொன்னதா சொல்லுங்க.

பள்ளிக்கூடத்து கணக்கா ஒரு ஹெட்மாஸ்டர்னு பாத்தா கொழப்பம்தான் வரும். நம்ம விஜயநாராயணத்துல நேவிக்காரங்க ஐ.என்.எஸ். கட்டபொம்மன் இருக்குல்லா, அங்க எல்லாத்துக்கும் மேல ஒரே கமாண்டிங் ஆபீசர் இருப்பாருல்லா, அது மாதிரி இங்க கமாண்டன்ட். மூணு நட்சத்திர ஆபீசரு, ஆர்மின்னா லெப்டினன்ட் ஜெனரல், நேவின்னா வைஸ் அட்மிரல், ஏர்ஃபோர்ஸ்னா ஏர் மார்ஷல். மூணு படைக்கும் மாறி மாறி வரும். அவருக்கு அடுத்து டெபுடி கமாண்டன்ட், அவருதான் சீஃப் இன்ஸ்ட்ரக்டரும், ரெண்டு நட்சத்திரம். அதுக்குக் கீழ மூணு வாய்க்கால் மாதிரி பிரியும்னு வச்சிக்கோங்க. ஒண்ணு பயிற்சி. ஒண்ணு படிப்பு, அதுக்குத்தான் பிரின்சிபால், அவரு சிவிலியன், பாடம் எடுக்க வாத்தியார்மாருலயும் பெரும்பாலும் சிவிலியன்தான். இன்னொண்ணு நிர்வாகம், சாப்பாடு கட்டடம் சம்பளம் இதெல்லாம், அதுக்கு ஒரு பிரிகேடியர்.

இதுல உங்க மருமவனோட அன்றாடம் பயிற்சி வாய்க்கால்லதான் ஓடும். அத பைய சொல்லுதேன். மொத்தப் பயலுவளையும் பட்டாலியன் பட்டாலியனா பிரிச்சிருப்பாங்க, பட்டாலியனுக்குள்ள ஸ்குவாட்ரன், ஸ்குவாட்ரன்தான் அவனுக்கு வீடு, மூணு வருசமும், ஆறு டெர்மும் அங்கதான் கெடப்பான், வெளியேறி முப்பது வருசம் ஆனாலும் ரெண்டு ஜெனரல் சந்திச்சா மொதல்ல கேக்கது "நீ எந்த ஸ்குவாட்ரன்?" அதான். ஸ்குவாட்ரனுக்கு ஒரு ஸ்குவாட்ரன் கமாண்டர், லெப்டினன்ட் கர்னல் இல்லன்னா அதே அளவு நேவி, ஏர்ஃபோர்ஸ் ஆபீசர். அவருக்குக் கீழ டிவிஷனல் ஆபீசருங்க. இந்த டிவிஷனல் ஆபீசர், டி.ஓ.ன்னு சொல்லுவோம், இவருதான் உங்க அக்கா தேடுத ஆளு. பையன் என்ன மார்க் வாங்குதான், ஏன் ஓட்டத்துல பின்தங்குதான், வீட்ல ஏதும் பிரச்சனையா, காய்ச்சலா, எல்லாத்துக்கும் மொதக் கணக்கு அவருகிட்ட. கமாண்டன்ட்ட அக்கா பாஸிங் அவுட் பரேடுல மேடைல பாத்தா போதும்.

அட்ஜுடன்ட்டு தனி. ஒழுங்கு மொத்தமும் அவரு கையில. நெல்லையப்பர் தேர இழுக்கப்ப வடம் பிடிக்க ஆயிரம் பேரு இருப்பான், ஆனா சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுதவன் ஒருத்தன் இருப்பாம்லா, அவன் தப்பா போட்டா தேரு வீட்டுக்குள்ள போயிரும், அந்த வேலை அவருது. பரேடு அன்னைக்கு குதிரை மேல வருவாரு. சட்டைல ஒரு பட்டன் ஒழுங்கா இல்லன்னா குதிரை மேல இருந்தே கண்டுபிடிச்சிருவாரு, நான் பாத்திருக்கேன்.

அமராவதிநகர்_பழைய_பையன்:
அண்ணாச்சி அருமையா சொல்லிட்டாங்க. நான் தென்காசிப் பக்கம், உடுமலை கிட்ட அமராவதிநகர் சைனிக் ஸ்கூல்ல படிச்சேன், என்.டி.ஏ. கெடைக்கல (கண் பார்வை சரியில்ல), ஆனா என் கூட படிச்சவங்க நெறைய பேரு போனாங்க அதனால கொஞ்சம் சேத்துக்கறேன்.

இப்ப 18 ஸ்குவாட்ரன், 5 பட்டாலியன். ராணுவத்துல இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு சொல்லுவாங்க, அந்த வரிசைல ஏ-க்கு ஆல்ஃபாவுல ஆரம்பிச்சு ஆர்-க்கு ரோமியோ வரைக்கும். ஒரு சுவாரசியம், எச்-க்கு ஹோட்டல்னு வரணும், பி-க்கு (P) பாப்பான்னு வரணும், ஆனா அங்க ஹண்டர், பேந்தர்னு வச்சிருக்காங்க. ஹோட்டல் ஸ்குவாட்ரன்னா யாரு பயப்படுவா.

ஏன் கமாண்டன்ட் மூணு படைக்கும் மாறி மாறி வர்றாருன்னா அந்த இடத்தோட ஐடியாவே அதான். ரெண்டாம் உலகப்போர்ல தனித்தனியா சண்டை போட்டு பட்ட பாட்டுல, 18 வயசுலயே மூணு படைப் பையனும் ஒண்ணா சாப்புட்டு ஒண்ணா தூங்கினா பின்னாடி ஒருத்தன் சொல்றது இன்னொருத்தனுக்குப் புரியும்னு. 1949 ஜனவரில டேராடூன்ல ஜாயின்ட் சர்வீசஸ் விங்னு ஆரம்பிச்சாங்க, அதே வருஷம் அக்டோபர்ல நேரு கடக்வாஸ்லால அடிக்கல் வச்சாரு, 1955 ஜனவரில முறைப்படி திறந்தாங்க. நடுவுல நிக்கிற பெரிய கட்டடம் சூடான் பிளாக், போர்ல சூடானுக்காக செத்த நம்ம ஆளுங்க நினைவா சூடான் அரசாங்கம் ஒரு லட்சம் பவுண்டு குடுத்துச்சு, பிரிவினைக்கு அப்புறம் அதுல நம்ம நாட்டுப் பங்கா வந்த பணம் இந்தக் கட்டடத்துல இருக்கு.

அகாடமிக்கு மேல யாருன்னா டெல்லில ஒருங்கிணைந்த பாதுகாப்புத் தலைமையகம், ஐ.டி.எஸ்.னு சொல்லுவாங்க. ஆர்மிக்கு மட்டுமோ நேவிக்கு மட்டுமோ அது சொந்தம் இல்ல. யு.பி.எஸ்.சி. பரீட்சை வச்சு லிஸ்ட் குடுக்கறதோட சரி, உள்ள போன பையன் விஷயத்துல அவங்களுக்கு வேலை இல்ல. டிகிரி டெல்லி ஜே.என்.யு. பல்கலைக்கழகம் குடுக்குது, அவங்களும் உள்ள வந்து நிர்வாகம் பண்றதில்ல. பி.ஏ., பி.எஸ்சி., கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.டெக். எல்லாம் உண்டு, பி.டெக். பசங்களுக்கு கடைசி வருஷம் மட்டும் அடுத்த அகாடமில. மூணு வருஷம் முடிஞ்சதும் அவங்கவங்க படையோட அகாடமிக்குப் போவாங்க, ஆர்மி பையன் டேராடூன் ஐ.எம்.ஏ., நேவி கேரளாவுல எழிமலை, ஏர்ஃபோர்ஸ் ஹைதராபாத் கிட்ட துண்டிகல்.

எங்க சைனிக் ஸ்கூல்லயும் பிரின்சிபால் ஆர்மி, நேவி, ஏர்ஃபோர்ஸ் ஆபீசரா தான் இருப்பாரு, 1962ல ஆரம்பிச்ச ஸ்கூல். ஆனா அங்க பிரின்சிபால்தான் தலை. என்.டி.ஏ.ல பிரின்சிபால் படிப்புக்கு மட்டும். உங்க மருமகன் குழம்பினது இதுலதான்னு நெனைக்கிறேன்.

வீரவநல்லூர்_மாமன்:
ரெண்டு பேருக்கும் கோடி நன்றி. அப்படியே அக்காவுக்கு படிச்சுக் காட்டுனேன். "டி.ஓ."ன்னு மூணு தடவ சொல்லிப் பாத்துக்கிட்டா. இப்ப அடுத்த கேள்வி, அவ கேக்கல, நான் கேக்கேன், அவ முன்னால கேக்க முடியல. அந்த கேடட் கேப்டன்னு சொன்னேம்லா, பசங்கள்ள ஒருத்தன். சீனியர் பயலுவதான் ஜூனியர ஆட்டிப் படைப்பானுவன்னு யூடியூப்ல பாத்தேன். இவனுக்கு 18 வயசு, அவனுக்கு 20. ஒரு இருவது வயசுப் பயகிட்ட எம் பிள்ளைய ஒப்படைக்கதா?

சுபேதார்_அம்பை:
இந்தக் கேள்வி எல்லா வீட்லயும் உண்டு தம்பி, வாய் விட்டு கேட்டது நீங்கதான்.

ஒப்படைக்கது ஆபீசர்கிட்டதான். ஆனா ராத்திரி பத்து மணிக்கு எந்த கேபின்ல லைட் எரியுதுன்னு பாக்கதுக்கு ஆபீசர் வர முடியாதுல்லா, அதுக்கு ஆறாவது டெர்ம் பயலுவள்ள பொறுக்கி எடுத்து பொறுப்பு குடுப்பாங்க. எல்லாருக்கும் மேல ஒரு அகாடமி கேடட் கேப்டன், பட்டாலியனுக்கு ஒருத்தன், ஸ்குவாட்ரனுக்கு ஒருத்தன், அதுக்குள்ள டிவிஷனுக்கு ஒருத்தன், சார்ஜென்ட் மேஜர், குவார்ட்டர் மாஸ்டர் சார்ஜென்ட்னு அப்படியே எறங்கி வரும். ஆபீசர் வரிசைக்கு பக்கத்துலயே ஒரு நெழல் வரிசைன்னு வச்சிக்கோங்க. இது அந்த ஆறாவது டெர்ம்காரனுக்கும் பயிற்சிதான், அத யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க. ஒண்ணு ரெண்டு வருசம் கழிச்சு முப்பது ஜவான கூட்டிட்டு மலைல ஏறப் போறவன், இங்கன முப்பது ஜூனியர நேரத்துக்கு கெளப்பத் தெரியலன்னா அங்க என்ன செய்வான். அவன் ஸ்குவாட்ரன் பரேடுல கடைசியா வந்தா மொதல்ல திட்டு வாங்குறது அவன்தான்.

ஜூனியர கைய வைக்கக் கூடாதுன்னு ரூல் கண்டிப்பா இருக்கு, கண்டுபிடிச்சா சீனியர் பயலுக்குத்தான் நஷ்டம், பதவி போயிரும், டெர்மும் போகலாம். ஓடவிடுவான், முட்டி போட வைப்பான், ரோல் பண்ண வைப்பான், அது இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். எல்லை தாண்டுச்சுன்னா பையன் டி.ஓ.கிட்ட நேரா சொல்லலாம், சொல்லணும். அதுக்கு அவனுக்கு தைரியம் குடுக்கது வீட்டு வேலை. "போயிட்டு வீரனா வா"ன்னு மட்டும் சொல்லி அனுப்பாதீங்க, "ஏதும்னா மறைக்காம சொல்லுலே"ன்னும் சொல்லி அனுப்புங்க.

ரெலிகேஷன்னு ஒண்ணு உண்டு, அதையும் இப்பவே தெரிஞ்சிக்கோங்க. ஓட்டத்துலயோ நீச்சல்லயோ படிப்புலயோ பாஸ் ஆகலன்னா ஆறு மாசம் பின்னால தள்ளிருவாங்க, கூட வந்தவன் சீனியர் ஆயிருவான். அது பயலுக்கு ரொம்ப வலிக்கும். அப்படி தள்ளுனவன் பின்னால நல்ல ஆபீசரா வந்ததையும் பாத்திருக்கேன்.

அமராவதிநகர்_பழைய_பையன்:
இன்னொரு விஷயம், யாரும் சேரும்போது பேச மாட்டாங்க ஆனா பேசணும். சேரும்போது பெத்தவங்க ஒரு பாண்டு கையெழுத்து போடணும், பையன் நடுவுல நானே வேண்டாம்னு வந்துட்டா பயிற்சி செலவ திருப்பிக் கட்டணும்னு. அப்புறம் பயிற்சில காயம் ஏதும் ஆனா நஷ்டஈடு உரிமையா கேக்க மாட்டோம்னும் எழுதி வாங்குவாங்க. கமிஷன் ஆகற வரைக்கும், அதாவது ஆபீசரா பதவி ஏக்கற வரைக்கும், கேடட் முழு ராணுவ வீரன் கணக்குல வர மாட்டான், அதனால காயம் பட்டு மெடிக்கல் போர்டுல வெளிய வந்தவங்களுக்கு முன்னாள் படைவீரர் அந்தஸ்து இல்லாம இருந்துச்சு. 2025 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் தானாவே இத எடுத்து மத்திய அரசுகிட்ட கேள்வி கேட்டுச்சு. பயமுறுத்த சொல்லல, படிச்சுப் பாத்துட்டு கையெழுத்து போடுங்கனு சொல்றேன். என் அப்பா எதையும் படிக்காமதான் போடுவாரு.

செலவப் பத்தி, ட்ரெயினிங், சாப்பாடு, தங்கறது எல்லாம் அரசாங்கம். பாக்கெட் மணியும் ஆரம்பத்துல ஒரு டெபாசிட்டும் வீட்ல இருந்து குடுக்கணும். வருமானம் கம்மின்னா அரசு உதவி உண்டு, கலெக்டர் மூலமா விண்ணப்பிக்கணும், உங்களுக்கு கொக்கிரகுளம்தானே.

முக்கூடல்_டீச்சர்:
நடுவுல வாரேன், மன்னிக்கணும். எங்க வீட்ல பொண்ணு பத்தாவது படிக்கா. இதெல்லாம் பொண்ணுங்களுக்கும் பொருந்துமா? எங்க மாமியார் "பொம்பளப் பிள்ளைக்கு என்ன பட்டாளம்"ங்காங்க, அவங்களுக்கு ஒரு பதில் வேணும்.

அமராவதிநகர்_பழைய_பையன்:
மைனி, 2021 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டுச்சு, பொண்ணுங்களும் பரீட்சை எழுதலாம்னு. 2022ல 19 பேரு சேந்தாங்க, 2025 மே 30ல 17 பேரு பாஸ் அவுட் ஆனாங்க, அதே பரேடு மைதானம், அதே கமாண்டன்ட். ப்ளஸ் டூக்கு அப்புறம்தான் சேர முடியும், வயசு பதினாறரைல இருந்து பத்தொன்பதரைக்குள்ள. டிகிரி முடிச்சிட்டு போறதுன்னா சென்னை பரங்கிமலை ஓ.டி.ஏ.ல (ஆபீசர் பயிற்சி அகாடமி) 1992ல இருந்தே பொண்ணுங்களுக்கு பயிற்சி குடுக்காங்க. மாமியார்கிட்ட 1992ன்னு சொல்லுங்க, அவங்க காலத்துலயே நடந்துச்சுன்னு.

முக்கூடல்_டீச்சர்:
அத சொன்னா "நான் அப்ப எளவட்டம்"னு சண்டைக்கு வருவாங்க 😂 நன்றி தம்பி.

சுபேதார்_அம்பை:
வீரவநல்லூர் தம்பி, ஒண்ணு கேக்க அயத்துட்டேன். மருமவனுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?

வீரவநல்லூர்_மாமன்:
சைக்கிளா? ஸ்கூட்டி ஓட்டுவான் அண்ணாச்சி. சைக்கிள் சின்னப் பிள்ளைல ஓட்டுனது. எதுக்கு?

சுபேதார்_அம்பை:
அங்க கிளாஸுக்கும் மைதானத்துக்கும் எல்லாம் சைக்கிள்லதான் போகணும், அதுவும் ஸ்குவாடா, வரிசை கலையாம, ஒரே வேகத்துல. சைக்கிள் அவங்களே குடுப்பாங்க, ஓட்டத்தான் இவனுக்குத் தெரியணும். மொத வாரமே கீழ விழுந்து பேரு வாங்குன பயலுவ உண்டு. போறதுக்குள்ள தினம் காலைல சேரன்மாதேவி வரைக்கும் மிதிச்சிட்டு வரச் சொல்லுங்க.

வீரவநல்லூர்_மாமன்:
மாடிப்படிக்கு அடில எங்க அய்யாவோட பழைய ராலே துருப்பிடிச்சு கெடக்கு. நாளைக்கு காத்தடிச்சுப் பாக்கேன். அக்கா இப்ப கேக்கா, "அங்க விழுந்தாலும் டி.ஓ.கிட்டதான் சொல்லணுமா"ன்னு.

மேலப்பாளையம்_மச்சான்:
விழுந்தா மொதல்ல சைக்கிள தூக்கச் சொல்லுங்க வே.