டப்ளினில் பள்ளி: மகளை எந்த வகுப்பில் சேர்ப்பது?

வணக்கம். கணவருக்கு அயர்லாந்தின் டப்ளினில் வேலை, ஆகஸ்டில் போகிறோம். மகளுக்கு 15 வயது, சென்னையில் பத்தாவது முடித்திருக்கிறாள். அங்கே எந்த வகுப்பு? ஐரிஷ் மொழி கட்டாயமாமே, பயமாக இருக்கிறது.

பதில் 1: பயப்படாதீங்க. 12 வயது வரை வெளிநாட்டில் படித்த பிள்ளைகளுக்கு ஐரிஷிலிருந்து விலக்கு உண்டு, தலைமை ஆசிரியருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கே உயர்நிலைப் பள்ளியில் முதல் மூன்று வருடம் ஜூனியர் சைக்கிள், கடைசி இரண்டு வருடம் லீவிங் செர்ட் (பள்ளி இறுதிப் பொதுத்தேர்வுக்கான படிப்பு), நடுவில் டிரான்சிஷன் இயர் என்று ஒரு வருடம், பல பள்ளிகளில் விருப்பம்தான். உங்கள் மகளுக்கு டிரான்சிஷன் இயர்தான் சரி. பொதுத்தேர்வு நெருக்கடி இல்லாமல் ஊரும் உச்சரிப்பும் பழகிவிடும், ஒரு வருடம் வீண் என்று நினைக்கவே வேண்டாம்.

பதில் 2: கல்லூரி இடம் லீவிங் செர்ட் மதிப்பெண்ணில்தான். சிறந்த ஆறு பாடங்களைக் கணக்கிடுவார்கள், கணக்குக்கான கூடுதல் புள்ளியும் சேர்த்து உச்சம் 625. கணக்கை ஹையர் லெவலில் (கடினமான நிலையில்) எடுத்து 40 சதவீதமோ அதற்கு மேலோ வாங்கினால் கூடுதலாக 25 புள்ளி, நம் பிள்ளைகள் விடக்கூடாது.

பதில் 3: பெற்றோர் இல்லாமல் படிப்பு விசாவில் தனியாக வரும் பிள்ளைகளுக்குக் கட்டணத் தனியார் பள்ளி மட்டும்தான். நீங்கள் குடும்பமாக வருவதால் அரசு உதவிபெறும் பள்ளியிலேயே சேர்க்கலாம். இடம் கிடைப்பதுதான் பெரிய பாடு, இன்றே நாலைந்து பள்ளிகளுக்கு மின்னஞ்சல் போடுங்கள்.