விருத்திரனைக் கொன்றவனும் பறவைக்கூட்டுக்காகத் தேரைத் திருப்பியவனும் ஒரே இந்திரனா?

ஆலங்கட்டி:
பௌத்தம் இந்திரனை அரவணைத்துக்கொண்டது என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவனுடைய பெயரையும் அரியணையையும் மட்டும் உள்ளே விட்டு, புயலை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

ரிக் வேதம் முதல் மண்டலத்தின் 32ஆம் பாடலைப் படியுங்கள். மலைமேல் படுத்து நீரை அடைத்துக்கொண்டிருக்கிறது விருத்திரன் என்னும் பாம்பு. சோமம் குடித்த இந்திரன், தேவதச்சன் துவட்டா செய்து கொடுத்த வச்சிரத்தால் அதைப் பிளக்கிறான். ஏழு ஆறுகளும் விடுதலை பெற்றுக் கடலுக்கு ஓடுகின்றன. செத்த பாம்பின் உடல்மீதே தண்ணீர் புரள்கிறது. இடி, மின்னல், வெறி, வெள்ளம் எல்லாம் அதில் இருக்கின்றன.

இப்போது பாலி மொழிப் பௌத்த நூல்தொகையான சம்யுத்த நிகாயத்துக்கு வாருங்கள். அங்கே இந்திரனுக்குப் பெயர் சக்கன். அசுரர்களிடம் தோற்று ஓடும்போது, இலவங்காட்டுப் பறவைக்கூடுகள் தேர்க்காலில் சிக்கிவிடும் என்று கண்டு, "நம் உயிர் போனாலும் போகட்டும், இவற்றின் கூடு கலையக் கூடாது" என்று தேரோட்டி மாதலியிடம் தேரைத் திருப்பச் சொல்கிறான். மீண்டும் போருக்கு வருகிறான் என்று எண்ணி அசுரர்கள் அஞ்சி ஓடிவிடுகிறார்கள். கதை அழகானதுதான், மறுக்கவில்லை. ஆனால் இது பல் பிடுங்கிய இந்திரன்.

சுவடி:
பல்லைப் பிடுங்கியது பௌத்தம் என்கிறீர்கள். நீங்கள் சொன்ன அதே பாடலை இறுதிவரை படித்தீர்களா? பதினான்காம் செய்யுளில் கவி இந்திரனைப் பார்த்தே கேட்கிறார்: விருத்திரனைக் கொன்ற பிறகு உன் நெஞ்சில் அச்சம் புகுந்ததே, பழிவாங்க வருபவனாக யாரைக் கண்டாய்? மிரண்ட பருந்தைப் போலத் தொண்ணூற்றொன்பது ஆறுகளைக் கடந்து ஓடினாயே?

இதைச் சம்யுத்த நிகாயத்தின் தஜக்க சுத்தம் என்னும் புத்தர் உரையோடு சேர்த்துப் படியுங்கள். போர்க்களத்தில் அச்சம் வந்தால் என் கொடியைப் பாருங்கள் என்று தேவர்களுக்குச் சக்கன் சொல்கிறான். புத்தர் துறவிகளுக்குச் சொல்வது என்ன? அந்தக் கொடியைப் பார்த்தால் அச்சம் போனாலும் போகும், போகாமலும் இருக்கும். ஏனென்றால் சக்கனே ஆசையும் வெறுப்பும் மயக்கமும் நீங்காதவன், அஞ்சுபவன், நடுங்குபவன், ஓடுபவன். ஓடும் இந்திரனைப் பௌத்தர்கள் கற்பனை செய்யவில்லை. வேதக் கவிக்கே அவன் தெரிந்தவன்.

பிராமணங்கள் என்னும் வேள்வி விளக்க நூல்களும் மகாபாரதமும் போகும் வழியையும் கவனியுங்கள். துவட்டாவின் மூன்று தலை மகன் விசுவரூபனைக் கொன்ற பழி, பிரம்மகத்தி, தாமரைத் தண்டுக்குள் ஒளிந்துகொள்ளும் தேவராசன். வீரனின் குற்றவுணர்ச்சி வைதிக மரபுக்குள்ளேயே முளைத்து வளர்ந்தது.

ஆலங்கட்டி:
ஓட்டம் இரண்டிலும் இருக்கிறது, சரி. எப்போது ஓடுகிறான் என்று பாருங்கள். வேதத்தில் அவன் ஓடும் நேரத்தில் ஆறுகள் திறந்துவிட்டன. உலகத்துக்கு வேண்டியது நடந்து முடிந்தது. பாடலின் கடைசிச் செய்யுள் அவனை அசைவதற்கும் அசையாததற்கும் அரசன் என்றுதான் முடிக்கிறது. தஜக்க சுத்தத்தில் ஓட்டம் எதற்குப் பயன்படுகிறது? இவனை நம்பாதே, புத்தரையும் தம்மத்தையும் சங்கத்தையும் நினை என்பதற்கு. ஒரே ஓட்டத்தைப் பற்றிக் கவி வியப்போடு கேட்கிறார். சுத்தம் அதை வைத்து அவனைக் கீழே இறக்குகிறது.

இன்னொரு பாலித் தொகையான மஜ்ஜிம நிகாயத்தில் இன்னும் மோசம். அசுரரை வென்ற பெருமையில் கட்டிய வேஜயந்த மாளிகையைச் சக்கன் சுற்றிக் காட்டுகிறான். புத்தரின் சீடர் மொக்கல்லானர் கால் பெருவிரலால் அதை ஆட்டி அவனை மிரள வைக்கிறார். இடியின் தலைவனை ஒரு துறவியின் கால்விரல் மிரட்டுகிறது!

நாணற்காடு:
இருவரும் போரையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். மழை எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

பௌத்தத்தில் மழை தனித் துறையாகிவிட்டது. சம்யுத்த நிகாயத்தில் மேகத் தேவர்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு: குளிர் மேகம், வெப்ப மேகம், காற்று மேகம், மழை மேகம் என்று வகைவகையாக. புத்தரின் முற்பிறவிக் கதைகளில் ஒன்றான மச்ச சாதகத்தின் முன்கதையில், வறண்ட குளத்தருகே புத்தர் குளியல் ஆடையோடு நிற்கிறார்; சக்கன் உதவ வேண்டிய வேளை வந்ததற்கு அறிகுறியாக அவன் அரியணை சூடேறுகிறது. அவன் என்ன செய்கிறான்? மழைமேகத் தேவனை அழைத்து உத்தரவிடுகிறான். வச்சிரத்தைத் தொடுவதே இல்லை. கலெக்டர் பொதுப்பணித் துறைக்கு ஆணை அனுப்புவது போன்ற வேலை இது.

சுவடி:
துறை பிரித்ததும் பௌத்தம் அல்லவே. ரிக் வேதத்திலேயே மழைக்குப் பர்ஜன்யன் தனியாக இருக்கிறான். ஐந்தாம் மண்டலத்தின் 83ஆம் பாடல் முழுக்க அவனுக்குத்தான். மரங்களை முறிக்கிறான், விண்ணைப் பொழிய வைக்கிறான். "முழங்கு, இடி, கருவை வை" என்று அங்கே வேண்டுகிறார்கள். அதே மச்ச சாதகத்தில் போதிசத்துவர், அதாவது முற்பிறவிப் புத்தர், மீனாகப் பிறந்து, சேற்றில் கிடந்து, காகங்கள் இனத்தைக் கொத்தித் தின்பதைப் பார்த்துக் கூவுகிறார்: "இடி முழக்கு, பஜ்ஜுன்னா!" பர்ஜன்யன்தான் பஜ்ஜுன்னன். குரல்கூட மாறவில்லை பாருங்கள். மாறியது கட்டணம். அங்கே சோமமும் துதியும். இங்கே நான் ஓர் உயிரையும் கொன்றதில்லை என்னும் சத்தியவாக்கு. என்னைக் கேட்டால், நாம் பேச வேண்டிய இடம் இதுதான்.

வெண்காந்தள்:
பாம்பை விட்டுவிட்டீர்களே! வேதத்தில் பாம்பு நீரை அடைக்கிறது, அதனால் சாகிறது. உதானம் என்னும் பாலி நூலில் ஏழு நாள் அடைமழையில் முசலிந்த நாகம் தன் உடலால் புத்தரைச் சுற்றிப் படத்தைக் குடையாக விரிக்கிறது. உருவேலாவில் காசியபரின் வேள்விக்கூடத்து நாகத்தைப் புத்தர் கொல்லாமலே அடக்கித் தம் பிச்சை ஓட்டுக்குள் போட்டுக் காட்டுகிறார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த சீனத் துறவி பாகியான், சங்காசியத்து விகாரையில் ஒரு நாகத்தால்தான் அந்த நாட்டில் பருவமழை தவறுவதில்லை என்று எழுதிவைத்தார். விருத்திரனுக்கு வேலை கிடைத்துவிட்டது. இந்திரனுக்குத்தான் வேலை போயிற்று.

ஆலங்கட்டி:
வெண்காந்தள் என் கட்சிக்கே வலுச் சேர்க்கிறார், நன்றி. எதிரி இல்லாத புயல்தேவன் எதற்கு? வினைப்பயன் உலகை நடத்தும்போது வச்சிரம் அலங்காரப் பொருள்தான்.

சுவடி:
அலங்காரமா? தீக நிகாயத்தின் அம்பட்ட சுத்தத்தில், புத்தர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாத அம்பட்டன் என்னும் பிராமண இளைஞனின் தலைக்கு மேலே தகதகக்கும் இரும்பு வச்சிரத்தோடு வச்சிரபாணி என்னும் இயக்கன் நிற்கிறான். பதில் சொல்லாவிட்டால் தலை ஏழாகப் பிளக்கும் என்கிறார்கள். அவன் சக்கனே என்பது உரைகாரர் கருத்து. ஆயுதம் கூர் மழுங்கவில்லை, முதலாளி மாறியிருக்கிறார்.

நாணற்காடு:
தமிழில் பௌத்தர் எழுதிய மணிமேகலை இருவரையும் சங்கடப்படுத்தும். அமுதசுரபி ஏந்திப் பசி தீர்க்கும் ஆபுத்திரனுக்கு வரம் தர இந்திரன் கிழவனாக வருகிறான். அறம் செய்வோரும் இல்லை, தவம் செய்வோரும் இல்லை, அப்படிப்பட்ட நாட்டின் தலைவன்தானே நீ என்று சொல்லி ஆபுத்திரன் சிரிக்கிறான். அவமானப்பட்ட இந்திரன் என்ன செய்தான்? பன்னிரண்டு ஆண்டு மழையின்றி வாடிய பாண்டிய நாட்டில் மழையைக் கொட்டினான். விளைச்சல் பெருகியது, பசித்தவர் இல்லாமல் போயினர், ஆபுத்திரனின் பாத்திரத்துக்கு வேலையே இல்லை. இங்கே மழையே பழிவாங்கும் ஆயுதம். துறை பிரிப்பும் இல்லை, கீழ்த்தேவனும் இல்லை. இந்திரன் நேரடியாகவே பெய்விக்கிறான்.

ஆலங்கட்டி:
அருமையான எடுத்துக்காட்டு. ஆனால் அந்த மழையால் அவன் வென்றது மலைமேல் கிடந்த பாம்பை அல்ல, ஓடு ஏந்திய ஒருவனை. அந்த ஒருவனும் தோற்று ஒடுங்கிவிடவில்லை. சாவக நாட்டில் மழையின்றி உயிர்கள் மடிகின்றன என்று கப்பலில் வந்தவர்கள் சொன்னதும் அங்கே கிளம்பிவிட்டான்.