உதவி: ரெண்டாம் உலகப்போர்ல சரக்குக் கப்பல்ல வேலை பாத்தவரோட ரெக்கார்டு எங்க தேடுறது?

லிவர்பூல்வாசி
வணக்கம், இது எங்க வீட்டு விஷயம் இல்ல, பக்கத்து வீட்டு தாத்தாவுக்காக கேக்குறேன். வெள்ளைக்காரர், 86 வயசு, அவரோட அப்பா போர் முழுக்க சரக்குக் கப்பல்ல ஃபயர்மேன், அதாவது பாய்லருக்கு கரி அள்ளிப் போடுற வேலை. வீட்ல ஒரு மெடல்கூட இல்ல. நேவிக்கு எழுதிக் கேட்டா அப்படி ஒரு ஆளே எங்ககிட்ட இல்லைன்னு பதில் வந்திருக்கு. நானும் லண்டன்ல கியூங்கிற எடத்துல இருக்கிற தேசிய ஆவணக் காப்பகத்தோட சைட்ல மெர்ச்சன்ட் நேவி, அதாவது சரக்குக் கப்பல்காரங்களோட மெடல் ஆவண வரிசை பி.டி. 395ல தேடிட்டேன், பேர் இல்ல. "அப்பா சும்மா கதை விட்டிருப்பாரு போல"ன்னு தாத்தா சொன்னப்ப எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. வேற எங்கயாவது தேட முடியுமா?

கியூ அண்ணை
தம்பி, நேவிக்கு எழுதினா இல்லை எண்டுதான் வரும், சரக்குக் கப்பல்காரர் ராயல் நேவி, அதாவது போர்க்கப்பல் படை ஆக்கள் இல்லையே. மெடல் வரிசையிலை பேர் இல்லாததுக்கும் கவலைப்படாதேங்கோ, கேட்டு எழுதின ஆக்களுக்குத்தான் மெடல் குடுத்தவை, கன பேர் கேக்கவே இல்லை. நீங்கள் பாக்கவேண்டியது அதே காப்பகத்திலை பி.டி. 382 வரிசை. 1941இலை இருந்து ஒவ்வொரு மாலுமிக்கும் தாள் இருக்கு, எந்தக் கப்பல், எண்டைக்கு ஏறினவர், எண்டைக்கு இறங்கினவர் எண்டு. ஆனா தனி ஆளின்ரை பேரைப் போட்டுத் தேடேலாது, குடும்பப் பேர் வரிசையிலை கட்டுக்கட்டா இருக்கும். ஒரே பேரிலை பத்துப் பேர் வருவினம், அதாலை பிறந்த தேதியும் டிஸ்சார்ஜ் நம்பரும் கட்டாயம் வேணும். வீட்டிலை டிஸ்சார்ஜ் புத்தகம், அதுதான் மாலுமி ஏறி இறங்கின கப்பலெல்லாம் எழுதிற புத்தகம், கிடக்கோ எண்டு முதல் பாருங்கோ, அந்த நம்பர் அதிலை இருக்கும்.

பழைய பேப்பர்
அண்ணை சொன்னதோட ஒண்ணு. 1941க்கு முந்தின சர்வீஸுக்கு அந்தத் தாள் உதவாது, 1918ல இருந்து 1941 வரைக்கும் வேற ரிஜிஸ்டர், கார்டு கார்டா இருக்கும், ஃபைண்ட்மைபாஸ்ட்னு குடும்ப வரலாறு தேடுற சைட்ல ஸ்கேன் இருக்கு. அதுல பல கார்டுல கப்பல் பேரே இருக்காது, கப்பலோட அதிகாரபூர்வ பதிவு நம்பர்தான், அத ஏதோ ஃபோன் நம்பர்னு நெனச்சு நான் ஒரு வாரம் முழிச்சேன் 😅

லிவர்பூல்வாசி
டிஸ்சார்ஜ் புத்தகம் கெடச்சிருச்சுங்க!! பரண்ல பிஸ்கட் டப்பாக்குள்ள தையல் நூலோட கெடந்துச்சு. அட்டை பிரிஞ்சு போச்சு, உள்ள ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு வரி, கடைசில ரெண்டு கட்டத்துல வெரி குட் வெரி குட்னு முத்திரை. நம்பரும் இருக்கு, ஆர்னு ஆரம்பிச்சு ஆறு இலக்கம். ஒரு சந்தேகம், 1941 மார்ச்ல ஒரு வரில இறங்கின ஊர்னு இருக்கிற எடத்துல ஊர் பேருக்குப் பதிலா "கடலில்"னு எழுதியிருக்கு. அப்படின்னா பாதில வேலைய விட்டுட்டாரா? தாத்தாகிட்ட இன்னும் காட்டல.

கியூ அண்ணை
விட்டிட்டு எங்கை போறது தம்பி, நடுக்கடல் 🙂 பெரும்பாலும் கப்பல் மூழ்கியிருக்கும். கப்பல் மூழ்கின நாளோடை வேலையும் முடிஞ்சதா எழுதுவினம், சம்பளமும் அண்டைக்கே நிண்டிடும். அந்த முறை 1941 மே மாதம்தான் மாறினது, இவருக்கு ரெண்டு மாதத்தாலை தப்பிப்போச்சு. பி.டி. 389 எண்ட கப்பல் பயணக் கார்டு வரிசையிலை கப்பலின்ரை பேரைப் போட்டுத் தேடுங்கோ, போன துறைமுகம், தேதி, என்ன நடந்தது எல்லாம் கார்டிலை இருக்கும். மெடலுக்கு மகன் இப்பவும் விண்ணப்பிக்கலாம், அதுக்கு இந்தப் புத்தகம் நல்ல ஆதாரம், ஒரிஜினலைத் தபாலிலை போட்டிடாதேங்கோ.

லிவர்பூல்வாசி
காட்டிட்டேன். ரொம்ப நேரம் அந்த ஒரு வரியையே பாத்துக்கிட்டிருந்தாரு, அப்புறம் விரல கீழ எறக்கி அடுத்த வரியக் காட்டினாரு: அதே லிவர்பூல், அதே ஃபயர்மேன், 26 நாள் கழிச்சு வேற கப்பல். இப்ப பி.டி. 389 கார்ட உடனே டவுன்லோட் பண்ணுன்னு தன்னோட பேங்க் கார்ட எடுத்து நீட்டுறாரு, நான் கட்டுறேன்னா கேக்க மாட்டேங்குறாரு.