காரைக்காலில் கிறிஸ்துமஸ் இரவு விருந்து: காரமும் புளியும் சேர்ந்த கடல் உணவுக்கு எந்த வெள்ளை ஒயின் பொருந்தும்?

அரசலாற்றங்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். டிசம்பர் 24 அன்று நள்ளிரவுத் திருப்பலி முடிந்து திரும்பியதும் எங்கள் வீட்டில் விருந்து. பிரான்சில் வசிக்கும் தங்கையும் அவள் கணவரும் சம்பந்தி வீட்டாரும் வருகிறார்கள். அங்கே கிறிஸ்துமஸ் இரவில் சிப்பியோடும் மீனோடும் வெள்ளை ஒயின் அருந்திப் பழகியவர்கள் அவர்கள். மொத்தம் 14 பேர் அமர்வோம். ஒயின் அருந்துபவர்கள் 9 பேர்.

அம்மா முடிவு செய்திருக்கும் உணவுகள் இவை: முதலில் கொடுவா மீன் வறுவல், அடுத்து இடியாப்பமும் தேங்காய்ப்பால் சொதியும், இறால் தொக்கு, மிளகு நண்டு, சீரகச் சம்பாவில் கோழிப் பிரியாணி, கடைசியில் கல்கலும் பிளம் கேக்கும். சென்ற ஆண்டு "மீனுக்கு வெள்ளை" என்ற ஒற்றை விதியை நம்பி, ஓக் பீப்பாயில் ஊறிய ஷார்டனே என்ற வெள்ளை ஒயினை வாங்கி வைத்தேன். வறுவலோடு அது தாழ்வில்லை. இறால் தொக்கு வந்ததும் ஒயின் கசந்து, தொண்டையில் எரிச்சல்தான் மிஞ்சியது. எல்லோரும் கோப்பையை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் என்பதால் எங்கள் தெருவில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் பல உண்டு. ஆனால் தொக்கோடும் குழம்போடும் எதைச் சேர்ப்பது என்பதில் ஆளுக்கொரு கருத்து சொல்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கடைமடை எழுதியது:

ஐயா, பயணிகள் கப்பலொன்றின் உணவகத்தில் 11 ஆண்டுகள் ஒயின் பரிமாறியவன் நான்; இப்போது திருமருகல் பக்கம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சொன்ன அதே தவற்றை நம்மூர் விருந்துகளில் பலமுறை பார்த்திருக்கிறேன். நம் சமையலில் மீனைப் பார்த்து ஒயின் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. அந்த மீன் எந்த மசாலாவில் கிடக்கிறது என்பதைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மிளகாயின் எரிச்சலை நாக்கில் எந்த நரம்பு முனைகள் உணர்கின்றனவோ, அவற்றையே மதுசாரமும் தூண்டுகிறது. ஆகவே 14 சதவீத மதுசாரம் கொண்ட ஒயினைக் காரத்தின் மேல் ஊற்றினால் காரம் ஏறுமே தவிர இறங்காது. ஓக் பீப்பாய் தரும் துவர்ப்பு அதன் மேல் கசப்பாக வந்து உட்காரும். சென்ற ஆண்டு உங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

புளியின் கதை வேறு. எந்த ஒயின் ஆனாலும் ஒரு மடக்கு குடித்துவிட்டு, எலுமிச்சை ஊறுகாயின் சாற்றை நாக்கில் தொட்டுவிட்டு, மறுபடியும் அதே ஒயினைக் குடித்துப் பாருங்கள். முதலில் துடிப்பாக இருந்தது இப்போது சப்பென்று ஆகியிருக்கும். உணவின் புளிப்பை விட ஒயினின் புளிப்பு குறைந்தால் ஒயின் தோற்றுவிடும். எனவே உங்கள் தொக்குக்கும் நண்டுக்கும் தேவைப்படுவது மதுசாரம் குறைந்த, இயல்பாகவே புளிப்பு மிகுந்த, நொதித்த பிறகும் சற்று இனிப்பு எஞ்சியிருக்கும் ஒயின்.

இந்த மூன்றும் ஒருங்கே அமைந்தது ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையில் விளையும் ரீஸ்லிங் திராட்சையின் ஒயின். நீண்ட ஒல்லியான புட்டியில் வரும். "காபினெட்" என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள். ஆனால் கூடவே "ட்ரோக்கன்" என்றும் இருந்தால் அது இனிப்பற்றது, விட்டுவிடுங்கள். ஐயம் வந்தால் மதுசார அளவைப் பாருங்கள். திராட்சையின் சர்க்கரைதான் மதுசாரமாக மாறுகிறது. 8 அல்லது 9 சதவீதத்தில் நின்றிருந்தால் மீதிச் சர்க்கரை ஒயினிலேயே தங்கியிருக்கிறது என்று பொருள்.

ரீஸ்லிங் கிடைக்காவிட்டால் ஷெனான் பிளாங்க் வாங்கலாம். பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கிலுள்ள வூவ்ரே பகுதியிலிருந்து வரும் புட்டியில் "டெமி செக்" என்று இருந்தால் அது இலேசான இனிப்புடையது. நாசிக்கின் சுலா நிறுவனம் ஷெனான் பிளாங்க்கையும் சோவிஞான் பிளாங்க்கையும் 2000-ஆம் ஆண்டிலிருந்தே விற்று வருகிறது. அவர்களுடைய ஷெனான் பிளாங்க்கும் சற்று இனிப்பு ஓடுவதுதான். சம்பந்தி வீட்டார் முன் இந்திய ஒயினை வைப்பதா என்று தயங்க வேண்டாம். நம் இறால் தொக்கோடு அது நன்றாகவே சேரும்.

நெய்தல்வீடு எழுதியது:

கடைமடை ஐயா தொக்குக்குச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் விருந்து முழுவதற்கும் அதையே ஊற்றினால் கொடுவா வறுவலுக்கு அநீதி செய்தவர்கள் ஆவோம். நாகப்பட்டினத்தில் எங்கள் வீட்டிலும் ஒவ்வோர் ஆண்டும் கொடுவாதான். மசாலாவில் மிளகாய்த்தூளைப் பாதியாகக் குறைத்து, உப்பு, மஞ்சள், மிளகு, எலுமிச்சைச் சாறு மட்டும் தடவி, தோல் மொறுமொறுவென்று வரும்வரை கல்லில் போட்டு எடுத்தால், அதற்கு இனிப்பே இல்லாத ஒயின்தான் சுகம். உப்பும் எண்ணெயும் சேர்ந்த மொறுமொறுப்பை அந்தப் புளிப்பு ஒவ்வொரு வாய்க்கும் கழுவிவிடும். லுவார் ஆறு கடலில் கலக்கும் பகுதியின் மஸ்கடே இதற்கென்றே பிறந்தது போலிருக்கும். பிரான்சில் சிப்பிக்கு அதைத்தான் ஊற்றுவார்கள் என்பதால் உங்கள் விருந்தினருக்கும் பழகிய சுவையாக இருக்கும். அது கிடைக்காவிட்டால் சோவிஞான் பிளாங்க் போதும்.

இடியாப்பத்துக்கும் சொதிக்கும் அதே ஷார்டனேயைக் கொடுத்துப் பாருங்கள், ஆனால் பீப்பாயைத் தொடாததாக இருக்கட்டும். பிரான்சின் ஷப்லி பெரும்பாலும் அந்த வகை. தேங்காய்ப்பாலின் கொழுப்பை அது அழகாகத் தாங்கும். சொதியில் பச்சைமிளகாயை அரைக்காமல் கீறிப் போடச் சொல்லுங்கள்.

பிரியாணிக்குக் கெவுர்ஸ்ட்ராமினர் வாங்கச் சொல்லி யாராவது பரிந்துரைப்பார்கள். ரோஜாவும் லிச்சிப் பழமும் மணக்கும் அந்த ஒயின் ஏலக்காய், பட்டை வாசனையோடு சேரும் என்பது உண்மைதான். ஆனால் அதில் மதுசாரம் கூடுதல், புளிப்பும் குறைவு. நம் பக்கத்துக் காரத்துக்கு நான் அதை வைக்க மாட்டேன். ரீஸ்லிங்கே பிரியாணிக்கும் தொடரட்டும்.

புகார்க்காற்று எழுதியது:

தேர்வைப் பற்றி இருவரும் சொல்லிவிட்டார்கள். வாங்கும் இடத்தில் கவனம் தேவை என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். ஒரு கடையில் கண்ணாடி அலமாரியில் வெயில் படும்படி நின்றிருந்த புட்டியை நான் வாங்கி ஏமாந்தேன். ஊற்றிப் பார்த்தால் இளமஞ்சளாக இருக்க வேண்டியது தேன் நிறத்தில் இருந்தது, காயமடைந்த ஆப்பிளின் வாடை அடித்தது. புட்டியின் மேல் உள்ள அறுவடை ஆண்டைப் பாருங்கள். நாசிக்கில் அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை நடக்கிறது. நம் நாட்டு எளிய வெள்ளை ஒயின்களை இரண்டு ஆண்டுகளுக்குள் குடித்துவிடுவது நல்லது.

மழைக்காலம் என்பதால் அன்றிரவு மின்சாரத்தை நம்ப வேண்டாம். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் வாங்கி, உடைத்து, அகலமான அண்டாவில் போட்டு, பாதியளவு தண்ணீரும் இரண்டு கைப்பிடி கல்லுப்பும் சேர்த்துப் புட்டிகளைக் கழுத்தளவு அமிழ்த்துங்கள். வெறும் ஐஸில் செருகிவைப்பதை விட இது மிக விரைவு. 20 நிமிடத்தில் குளிர்ந்துவிடும். 8 முதல் 10 டிகிரி போதும். அதற்கும் கீழே போனால் மணம் அடங்கிவிடும்.

மயிலாடுதுறை, நாகை பக்கமிருந்து வரும் உறவினருக்கு மிச்சப் புட்டியைக் கொடுத்தனுப்பாதீர்கள். எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் புதுச்சேரி மதுவை எடுத்துச் செல்வது குற்றம். திருநாளும் அதுவுமாகச் சோதனைச் சாவடியில் நிற்க வேண்டிவரும்.

அரசலாற்றங்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை அம்மா வைத்த இறால் தொக்கோடு நாசிக் ஷெனான் பிளாங்க்கைச் சோதித்தேன். முதல் வாயில் ஒயினின் இனிப்பு தெரிந்தது. தொக்கைத் தொட்ட பிறகு அந்த இனிப்பு பின்வாங்கி, இறாலின் இனிப்பு மேலெழுந்தது. அம்மா மது தொடாதவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இந்த வருஷம் தண்ணிக் குடத்துக்கு ஓட மாட்டாங்க போலிருக்கே" என்றார். மோசல் ரீஸ்லிங்கை ஒரு கடையில் வரவழைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எத்தனை புட்டிகள் வாங்குவது, கேக்குக்கு என்ன செய்வது என்பவை மட்டும் மிச்சம்.

கடைமடை எழுதியது:

750 மில்லி புட்டியில் 5 கோப்பை வரும். 9 பேருக்கு ஆளுக்கு மூன்று கோப்பை என்றால் 27. 6 புட்டிகள் போதும். வறுவலுக்கு மஸ்கடே ஒன்று, சொதிக்கு ஷப்லி ஒன்று, மற்ற நான்கும் ரீஸ்லிங்கும் ஷெனான் பிளாங்க்குமாக இருக்கட்டும்.

கேக்கை விட இனிப்புக் குறைந்த ஒயினைக் கேக்கோடு வைத்தால் அது காடிபோல் புளிக்கும். ஆகவே கொடியிலேயே திராட்சையை வற்றவிட்டுத் தாமதமாக அறுத்துச் செய்யும் ஷெனான் பிளாங்க்கில் அரைப்புட்டிகள் இரண்டு வாங்குங்கள். சின்னக் கோப்பையில் ஆளுக்கு அரைக் கோப்பையளவு போதும். அதைத் தனியே அண்டாவின் ஓரத்தில் வைத்து, நண்டு வரும்போது குளிரவிடுங்கள்.